கீஃப்ரேம் வைத்தும் கிளிப் சொன்னபடி நகரவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கலாம்

செங்கோட்டையில் தொடங்கி புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரைக்கும் கல்யாண வீடியோ, கோயில் திருவிழா, குற்றாலம் சீசன் ரீல்ஸ் என்று எடிட் பண்ணுகிறவர்கள் இப்போது தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வரும் கேள்வி மட்டும் மாறுவதே இல்லை: "ரெண்டு கீஃப்ரேம் வச்சாச்சு, ஆனா கிளிப் நான் சொன்ன மாதிரி போகல அண்ணே." கீஃப்ரேம் என்றால், இந்த நேரத்தில் படம் இந்த அளவில், இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கிளிப்பில் குறித்துவைக்கும் புள்ளி, திரையில் டைமண்ட் வடிவில் தெரியும். எப்படிப் போகவில்லை என்பதை உற்றுப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும், அதனால் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், காசில்லாமல் கிடைக்கும் கேடென்லைவ், ஷாட்கட் இவற்றை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு எதில் எடிட் பண்ணினாலும் பட்டன் இருக்கும் இடம்தான் மாறும்.

என் கணக்கில் பழுது டைமண்டில் இருப்பது குறைவு. இரண்டு டைமண்டுக்கும் நடுவே மென்பொருள் தானாக நிரப்பிக்கொள்கிற பகுதியில் இருக்கும், இல்லையென்றால் அந்த டைமண்ட் எந்த நேரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் இருக்கும். டைமண்டை அழித்துவிட்டுத் திரும்பத் திரும்ப வைப்பதால் ஒன்றும் மாறாது.

கிளிப் நகரவே இல்லை, முழுக்க ஒரே அளவில் நிற்கிறது

ஒரே ஒரு கீஃப்ரேம்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் அது கிளிப் முழுவதற்குமான மதிப்பு, அவ்வளவுதான். பிளேஹெட்டை (டைம்லைனில் இப்போது எந்த நேரத்தில் நிற்கிறீர்கள் என்று காட்டும் கோடு) நகர்த்திவிட்டு மதிப்பை மாற்றினீர்களா என்று பாருங்கள். ரிசால்வில் ஜூமுக்குத் தனி டைமண்ட், பொசிஷனுக்குத் தனி டைமண்ட். ஜூமுக்கு வைத்துவிட்டு பொசிஷனை மாற்றினால் அது கிளிப் முழுக்க மாறிவிடும். டிரான்ஸ்ஃபார்ம் என்ற தலைப்பின் பக்கத்தில் இருக்கிற டைமண்டை அழுத்தினால் உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து விழும்.

பிரீமியரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. கீஃப்ரேம் வைக்கிறேன் என்று ஸ்டாப்வாட்ச் பட்டனை (அந்த வரிக்குக் கீஃப்ரேமைத் தொடங்கவும் நிறுத்தவும் இருப்பது) இரண்டாவது முறை அழுத்துகிறார்கள். அது கீஃப்ரேம் வைக்கும் பட்டன் இல்லை. இரண்டாவது முறை அழுத்தினால் அந்த வரியில் இருக்கிற எல்லா கீஃப்ரேமும் போய்விடும். மென்பொருள் ஒரு தடவை கேட்கத்தான் செய்யும், அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? உடனே கண்ட்ரோல் இஸட் போடுங்கள்.

அசையாமல் நின்றுவிட்டுக் கடைசியில் ஒரே தாவல்

கீஃப்ரேமின் வகை ஹோல்டில் இருக்கிறது, அதாவது அடுத்த கீஃப்ரேம் வரும்வரை மதிப்பை மாற்றாமல் பிடித்துவைக்கும். கேடென்லைவில் அதற்கு டிஸ்கிரீட் என்று பெயர். ரைட் கிளிக் செய்து லீனியர் (ஒரே சீராக மாறும் வகை) ஆக்கினால் சரி.

நன்றாகப் போகிறது, நடுவில் ஒரே ஒரு ஃபிரேம் வெட்டி இழுக்கிறது

ஏற்கனவே இருந்த கீஃப்ரேமைத் திருத்த நினைத்து, பிளேஹெட் ஒரு ஃபிரேம் தள்ளி நின்றபோது மதிப்பை மாற்றியிருப்பீர்கள். பழையது அப்படியே இருக்க, பக்கத்திலேயே புதிதாக ஒன்று முளைத்திருக்கும். டைம்லைனில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிவதால் கண்ணுக்கு அகப்படாது. டைம்லைனை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துத் தேவையில்லாததை அழியுங்கள். இனிமேல் கீஃப்ரேமைத் திருத்துவதற்கு மவுஸால் பிளேஹெட்டை இழுக்காதீர்கள், டைமண்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற அம்புக்குறியை அழுத்திப் போங்கள், அப்போதுதான் கச்சிதமாக அதன் மேலேயே போய் நிற்கும்.

நேராகப் போகாமல் வளைந்து போகிறது, நிற்கச் சொன்ன இடத்தில் மிதக்கிறது

இதில்தான் நிறைய பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கழுதுருட்டி பக்கத்தில் இருக்கிற 13 கண் பாலத்தின் நீளமான ஃபோட்டோ ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கண்ணில் தொடங்கி நடுக் கண்ணுக்குப் போய், இரண்டு வினாடி நின்று, பிறகு கடைசிக் கண்ணுக்குப் போக வேண்டும். நாலு கீஃப்ரேம் வைக்கிறீர்கள், நடுவில் இருக்கிற இரண்டுக்கும் ஒரே மதிப்பு. போட்டுப் பார்த்தால் நிற்க வேண்டிய இரண்டு வினாடியில் படம் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது, ஸ்டாப்பைத் தாண்டி பிரேக் போட்டுவிட்டு ரிவர்ஸில் வருகிற பஸ் மாதிரி. மதிப்பு இரண்டும் ஒன்றுதானே, எப்படி நகரும் என்று தலையைச் சொறிவீர்கள்.

காரணம் இதுதான். பொசிஷன் கீஃப்ரேமுக்கு இரண்டு விதமான வளைவு உண்டு. எவ்வளவு வேகத்தில் போவது என்பது நேர வளைவு. திரையில் எந்தப் பாதையில் போவது என்பது இட வளைவு. பிரீமியர் பொசிஷனுக்கு இட வளைவைத் தானாகவே ஆட்டோ பெசியராக வைத்துவிடும், அதாவது முன்னும் பின்னும் இருக்கிற புள்ளிகளைப் பார்த்துப் பாதையை வழவழப்பாக்கும். அந்த வழவழப்பு நின்ற இடத்திலும் வேலை செய்வதால்தான் மிதக்கிறது. எல்லா பொசிஷன் கீஃப்ரேமையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், ஸ்பேஷியல் இன்டர்பொலேஷன், லீனியர். அவ்வளவுதான். ஈஸ் இன், ஈஸ் அவுட் எல்லாம் டெம்பொரல், அதாவது நேர வளைவின் பக்கத்தில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது, நிதானமாகக் கிளம்பி நிதானமாகவே நிற்கும்.

எக்ஸ், ஒய் இரண்டும் தனித்தனிக் கோடாக வரும் மென்பொருளில் அறிகுறி ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறு. எக்ஸுக்கு ஈஸ் கொடுத்துவிட்டு ஒய்யை லீனியரிலேயே விட்டிருப்பீர்கள். இரண்டும் வேறு வேறு வேகத்தில் போனால் பாதை வளையாமல் என்ன செய்யும்? இரண்டுக்கும் ஒரே வளைவைக் கொடுங்கள்.

நகரும்போது ஓரத்தில் கறுப்பு எட்டிப் பார்க்கிறது

கணக்குப் போட்டால் உடனே தெரிந்துவிடும். 1920 அகலமுள்ள படத்தை 110% ஆக்கினால் 2112 ஆகிறது. மிச்சம் 192, ஒரு பக்கத்துக்கு 96 பிக்சல். நடுவிலிருந்து அதற்கு மேல் நகர்த்தினால் கறுப்பு தெரியத்தான் செய்யும். தொடக்கமும் முடிவும் சரியாக இருந்து நடுவில் மட்டும் கறுப்பு வந்தால் அது மேலே சொன்ன வளைவு தாண்டிப் போகிற விவகாரம். லேசாகச் சாய்க்கிறவர்களுக்கும் இது வரும். 16:9 ஃபிரேமை 2 டிகிரி திருப்பினாலே 106%-க்குச் சற்று மேல் பெரிதாக்கினால்தான் மூலை மறையும்.

ஜூம் வேகமாகத் தொடங்கிக் கடைசியில் நொண்டுகிறது

தமிழ்நாட்டு மேப்பிலிருந்து செங்கோட்டைக்கு ஜூம் போகிற மாதிரி எல்லாரும் ஒரு முறையாவது செய்திருப்பார்கள். 100% இலிருந்து 400%, 8 வினாடி, லீனியர். ஒரே சீராகப் போக வேண்டும் அல்லவா? போகாது. முதல் வினாடியில் 100 என்பது 137.5 ஆகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதான மாதிரி கண்ணுக்குப் படும். கடைசி வினாடியில் 362.5 என்பது 400 ஆகிறது, பத்து சதவீதம்தான் வளர்கிறது. கூடுவது ஒரே 37.5 என்றாலும் கண் பார்ப்பது எத்தனை மடங்கு ஆனது என்பதைத்தான்.

சரியாகப் பாதி நேரத்தில் ஒரு கீஃப்ரேம் வையுங்கள், ஆனால் 250 இல்லை, 200. முதல் பாதியில் இரண்டு மடங்கு, அடுத்த பாதியில் இரண்டு மடங்கு. அதுவும் நடுவில் தட்டுகிற மாதிரி தெரிந்தால் அந்த நடுப்புள்ளியை மட்டும் பெசியராக்கி வளைவை மென்மையாக்குங்கள். 100 இலிருந்து 200 என்றால் நடுவில் 141. கல்யாண ஆல்பத்தில் போடுகிற 100 இலிருந்து 115 மாதிரி சின்ன ஜூமுக்கு இந்தச் சங்கடமே கிடையாது, லீனியரிலேயே விடுங்கள்.

பக்கவாட்டில் நகர்த்தினால் தடதடக்கிறது

கம்ப்யூட்டரைத் திட்டுவதற்கு முன்னால் வகுத்துப் பாருங்கள். 25 ஃபிரேம் டைம்லைனில் 1920 பிக்சலை 2 வினாடியில் கடந்தால் ஃபிரேமுக்கு 38 பிக்சல். ஒவ்வொரு படமும் அவ்வளவு தூரம் குதித்துத் தெரிந்தால் தடதடக்கத்தான் செய்யும், எந்த மெஷினிலும். கேமராவைத் திருப்பி எடுக்கும்போது ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 7 வினாடியாவது எடுத்துக்கொள்ளட்டும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய கணக்கு, அது இங்கேயும் பொருந்தும். 7 வினாடியில் ஃபிரேமுக்கு 11 பிக்சல்தான்.

அவ்வளவு நேரம் கொடுக்க முடியாது, ரீல்ஸ் என்றால் மோஷன் பிளர் (வேகமாக நகரும்போது படத்தில் வரும் மங்கல்) வேண்டும். பிரீமியரில் எல்லா கிளிப்பிலும் தானாக இருக்கிற மோஷன் பகுதியில் பிளர் கிடையாது. எஃபெக்ட்ஸ் பட்டியலில் டிரான்ஸ்ஃபார்ம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு கீஃப்ரேமை அதில் வையுங்கள், கம்போசிஷன் ஷட்டர் ஆங்கிளைப் பயன்படுத்து என்ற டிக்கை எடுத்துவிட்டு ஷட்டர் ஆங்கிள் 180 கொடுங்கள். இப்போது வேகமாகப் போனாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

ரொம்ப மெதுவான ஜூம் நடுங்குகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். ஃபிரேமுக்கு அரை பிக்சல், கால் பிக்சல் நகர வேண்டிய இடத்தில் சில கருவிகள் முழுப் பிக்சலாக ரவுண்டு பண்ணிவிடும். கட்டளை தட்டி இயக்கும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கின் ஜூம்பேன் என்ற ஜூம் ஃபில்டர் இதற்குப் பேர்போனது, படத்தை முதலில் பல மடங்கு பெரிதாக்கிவிட்டு அதற்கப்புறம் ஜூம்பேன் போட்டால் நடுக்கம் அடங்கும். வேறு மென்பொருளிலும் பெரிய ஃபோட்டோவை உள்ளே கொண்டுவருவதுதான் மருந்து. அல்லது ஜூமின் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். 20 வினாடிக்கு 2% ஜூமை யார் ரசிக்கப்போகிறார்கள்?

ஜூம் ஆகும்போது படம் மங்குகிறது, ஒரிஜினல் ஃபோட்டோ பளிச்சென்று இருக்கிறது

6000 பிக்சல் அகல ஃபோட்டோவை பிரீமியரில் ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ் கொடுத்தால் அது டைம்லைன் அளவுக்குச் சுருக்கப்பட்டுவிடும், அதற்கு மேல் ஜூம் பண்ணினால் சுருங்கியதைத்தான் ஊதிக்கொண்டிருப்பீர்கள். செட் டு ஃபிரேம் சைஸ் கொடுங்கள். அப்போது ஸ்கேல் 27%, 32% என்று ஏதோ காட்டும், பயப்பட வேண்டாம், 100% வரை கூட்டினாலும் கூர்மை போகாது. பெயர் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால்தான் இத்தனை பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெட்டினேன், கீஃப்ரேம் போய்விட்டது

போகவில்லை, ஒளிந்திருக்கிறது. கீஃப்ரேம் ஒட்டிக்கொண்டிருப்பது கிளிப்பின் சொந்த நேரத்தோடு, டைம்லைனோடு இல்லை. முன்பக்கத்தில் ஒரு வினாடி வெட்டினால் அங்கே இருந்த கீஃப்ரேம் மறைந்துபோகும், ஆனால் வேலை செய்துகொண்டே இருக்கும், அதனால் கிளிப் தொடங்கும்போதே பாதி ஜூம் ஆன நிலையில் தொடங்கும். பிரீமியரில் எஃபெக்ட் கண்ட்ரோல்ஸ் மெனுவில் பின் டு கிளிப் என்பதை எடுத்துவிட்டால் வெட்டுக்கு வெளியே இருப்பவையும் தெரியும், பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆல்பம் ஃபோட்டோக்களுக்கு நடுவே கிராஸ் டிசால்வ் (ஒன்று மங்க மங்க அடுத்தது தெரிவது) போட்டவுடன், ஜூம் ஆகிக்கொண்டிருந்த படம் டிசால்வ் நடக்கும்போது மட்டும் பிரேக் பிடித்து நின்றுவிடும். கடைசிக் கீஃப்ரேம் வெட்டு விழும் இடத்திலேயே இருப்பதுதான் காரணம், டிசால்வ் அதைத் தாண்டியும் ஓடுகிறது. ஃபோட்டோவை ஒரு வினாடி நீட்டி, கடைசிக் கீஃப்ரேமை அந்த நீட்டிய இடத்துக்குத் தள்ளி, பிறகு பழைய இடத்துக்கே வெட்டிவிடுங்கள். தொடக்கத்திலும் டிசால்வ் இருந்தால் முன்பக்கமும் அப்படியே. இந்த ஒன்றைச் செய்தாலே ஆல்பம் வீடியோ வேறு தரத்துக்குப் போய்விடும், என்னைக் கேட்டால் வளைவைவிட இது முக்கியம்.

ஒரு ஃபோட்டோவின் அசைவை மற்றவற்றுக்கு ஒட்டும்போது சில படங்கள் பாதியிலேயே நின்றால் நீளம் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். பிரீமியரின் பேஸ்ட் ஆட்ரிபியூட்ஸ் பெட்டியில் ஸ்கேல் ஆட்ரிபியூட் டைம்ஸ் என்ற டிக், ரிசால்வில் மெயின்டெயின் டைமிங்குக்குப் பதிலாக ஸ்ட்ரெச் டு ஃபிட். அப்புறம், ஸ்லோமோஷன் போடுவதாக இருந்தால் முதலில் வேகத்தை மாற்றிவிட்டு, நெஸ்ட் அல்லது காம்பவுண்ட் கிளிப் ஆக்கி, அதாவது இன்னொரு கிளிப்புக்குள் பொதிந்து, அதன் மேல் கீஃப்ரேம் வையுங்கள். முதலில் கீஃப்ரேம், பிறகு வேகம் என்று போனால் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும்.

பெயர் எழுத்து எழுத்தாக வரும்போது உடைகிறது

எல்லைப் பகுதியில் இது தினப்படி தலைவலி. மாப்பிள்ளை செங்கோட்டை, பெண் வீடு புனலூர், டைட்டிலில் தமிழும் வேண்டும் மலையாளமும் வேண்டும். டெம்பிளேட்டைப் போட்டால் கொம்பு தனியாக, எழுத்து தனியாக, நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். பெண் வீட்டார் "சேட்டா, பேரு தெற்றாணு" (அண்ணே, பெயர் தப்பு) என்று ஃபோன் பண்ணிவிடுவார்கள்.

டைட்டில் அசையாமல் இருக்கும்போதே உடைந்திருந்தால் அது கீஃப்ரேம் விவகாரம் இல்லை. பிரீமியரின் பிரிஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள், பிறகு புதிதாக டெக்ஸ்ட் போடுங்கள். நிற்கும்போது சரி, அசையும்போது மட்டும் உடைகிறது என்றால் டெம்பிளேட் ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியாக அசைக்கிறது. யூனிகோடில் 'கெ' என்பது க, அதற்குப் பின்னால் கொம்பு. அதனால் முதலில் க தெரியும், அடுத்த நொடி கொம்பு முன்னால் வந்து உட்கார்ந்து க தள்ளிப்போகும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் தட்டுவதால் அது தலைகீழாக, கொம்பு முதலில் தனியாக வந்து நிற்கும். இரண்டும் அசிங்கம்.

என் முடிவு: தமிழுக்கும் மலையாளத்துக்கும் எழுத்து எழுத்தாக அசைக்கும் டெம்பிளேட்டைத் தொடாதீர்கள். முழுப் பெயரையும் ஒரே டெக்ஸ்டாக வைத்து, கிராப் எஃபெக்ட்டில் வலதுபக்க மதிப்புக்குக் கீஃப்ரேம் வைத்து இடமிருந்து வலமாகத் திறந்துவிடுங்கள். எழுதிக்கொண்டே போகிற மாதிரிதான் இருக்கும், ஒரு எழுத்தும் உடையாது. கிராப்பை 100 இல் தொடங்கி 0 வரை போடாதீர்கள். பெயர் திரையின் நடுவில்தானே இருக்கிறது, இரண்டு பக்கமும் காலியிடத்தைத் திறப்பதில் நேரம் போய், கொஞ்ச நேரம் ஒன்றும் வராமல் திடீரென்று வரும். முதல் எழுத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற மதிப்பில் தொடங்கி, கடைசி எழுத்துக்குச் சற்றுப் பின்னால் முடியுங்கள்.

மேப்பில் வரைகிற கோடு நெளிகிறது

ரிசால்வின் ஃபியூஷன் பகுதியில் பாலிகன் (புள்ளிகளை இணைத்து வரையும் கோடு) வரைந்து ரயில் பாதையை ஓடவிடுகிறவர்களுக்கு. பாலிகனின் வடிவம் தானாகவே கீஃப்ரேம் ஆகும், நீங்கள் கேட்காமலேயே. வேறு ஃபிரேமில் நின்று ஒரு புள்ளியைத் திருத்தினால் பழைய வடிவத்திலிருந்து புதிய வடிவத்துக்குக் கோடு நெளிந்து போகும். இன்ஸ்பெக்டரின் அடியில் ஷேப் அனிமேஷனுக்காக ரைட் கிளிக் செய்யச் சொல்லும் வரி இருக்கும், அங்கே போய் அந்த அனிமேஷனை நீக்கிவிட்டு, லெங்த் மதிப்பை மட்டும் 0 இலிருந்து 1 வரை கீஃப்ரேம் செய்யுங்கள்.

கோட்டின் முனையில் ரயில் படத்தை நகர்த்துகிறவர்கள் செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு வினாடி என்று சமமாகப் பிரிக்காதீர்கள். ஊர்களுக்கு இடையே தூரம் சமமாக இல்லையே, ரயில் ஒரு இடத்தில் பறக்கும், ஒரு இடத்தில் ஊரும். மேப்பில் அளந்த தூரத்துக்குத் தக்கபடி நேரத்தைப் பிரியுங்கள்.

கொஞ்சம்தான் திருப்பச் சொன்னேன், முழுச் சுற்று சுற்றுகிறது

350 டிகிரியிலிருந்து 10 க்குப் போகச் சொன்னால் அது பின்பக்கமாக 340 டிகிரி சுற்றும். 370 என்று கொடுங்கள்.

செண்டை சத்தம் பேச்சு வரும்போது குறைய வேண்டும், பாட்டு முழுக்கக் குறைந்துகொண்டே வருகிறது

இரண்டு கீஃப்ரேம் போதாது, நாலு வேண்டும்: இறங்கத் தொடங்கும் இடம், இறங்கி முடிந்த இடம், ஏறத் தொடங்கும் இடம், ஏறி முடிந்த இடம். பிரீமியரில் வைத்த ஆடியோ கீஃப்ரேம் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் டிராக் கீஃப்ரேம் காட்டும் நிலைக்கு மாறியிருக்கும், கிளிப் கீஃப்ரேமுக்கு மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, இருந்தாலும் திக்கித் திக்கி ஓடுகிறது

முதலில் அந்த 5 வினாடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அது சுத்தமாக ஓடினால் உங்கள் மெஷின் நேரலையில் கணக்குப் போட்டு முடிக்கத் திணறுகிறது, அவ்வளவுதான். பிரீமியரில் டைம்லைனுக்கு மேலே சிவப்புக் கோடு இருந்தால் ரெண்டர் செய்யுங்கள், பச்சையாகும். ரிசால்வில் ரெண்டர் கேஷ் போட்டால் சிவப்பு நீலமாகும்.

எக்ஸ்போர்ட்டிலும் திக்கினால் அதே கீஃப்ரேமை ஒரு சாதாரண ஃபோட்டோவில் ஒட்டிப் பாருங்கள். ஃபோட்டோ வழுக்கிக்கொண்டு போகிறது, வீடியோ மட்டும் திக்குகிறது என்றால் கோளாறு காட்சியில் இருக்கிறது. ஃபோனில் 30 ஃபிரேமில் எடுத்த ஐந்தருவியை 25 ஃபிரேம் டைம்லைனில் போட்டிருப்பீர்கள், ஆறில் ஒரு ஃபிரேம் கழிந்துகொண்டே போகும். டைம்லைனை 30 ஆக்குங்கள். நிறைய ஃபோன்கள் ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கி வேறு பதிவு செய்யும், அதை எடிட்டுக்கு முன்னால் ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் பெட்டியில் கீஃப்ரேம் டிஸ்டன்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதை மாற்றினால் சரியாகுமா என்று கேட்பார்கள். அது வீடியோவைச் சுருக்கும் முறை பற்றியது, உங்கள் ஜூமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தொடாமல் விடுங்கள்.